கண்ணாடிக்கு அடியில ஒரு ஹோம் பிளேட்

பரீட்சை, அசைன்மெண்ட், அப்புறம் கொஞ்சம் சோம்பேறித்தனம்னு ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. "உசுரோட இருக்கியாப்பா"ன்னு தனிமடல் போட்ட ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். இன்னிக்கு பேஸ்பால் பத்தி எழுதப் போறேன். கிரிக்கெட் கோஷ்டி அதுக்குள்ள எழுந்து ஓட வேணாம், நடுவுல பிராட்மேனும் வருவார் :-)

நான் படிக்கிறது பிட்ஸ்பர்க்ல. கேம்பஸ்ல போஸ்வர் ஹால்னு ஒரு கட்டடம் இருக்கு. அதோட தரைத்தளத்துல, ஆளுங்க நடக்கிற வழியிலயே, தரையில சதுரமா ஒரு கண்ணாடி பதிச்சிருப்பாங்க. உள்ள ஐங்கோணமா வெள்ளையா ஒரு பலகை. முதல் வருஷம் பூரா அதை மிதிச்சுக்கிட்டுதான் போனேன். கட்டடம் கட்டினப்ப வெச்ச அடிக்கல் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைப்பு. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நிக்கிறப்பதான் பக்கத்துல இருந்த வாசகத்தைப் படிச்சேன். ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தோட கடைசி ஹோம் பிளேட்டாம் அது. 1909-ல கட்டி 1970 வரைக்கும் ஆடின மைதானம், 1971-ல இடிச்சுட்டாங்க. அந்த இடத்துலதான் நாங்க இப்ப பாடம் படிக்கிறோம். வெளிய ரோட்டைத் தாண்டினா பழைய மதில்ல ஒரு துண்டு இன்னும் நிக்குது.

அன்னிக்கு ராத்திரி இழுத்துப் போட்டுப் படிக்க ஆரம்பிச்சதுதான், இன்னும் நிறுத்த முடியல.

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ஹோம் பிளேட்ங்கறது நம்ம கிரீஸ் மாதிரி, பேட்டிங் பண்றவர் அது பக்கத்துல நிப்பார். எதிர்ல பிட்ச்சர் பந்தைத் தரையில குத்தாம நேரா எறிவார். அடிச்சு ஒழுங்கா முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தா ஒரு ஹிட். அடிச்ச ஹிட்டை ஆடின வாய்ப்புகளால வகுத்தா வர்றதுதான் பேட்டிங் ஆவரேஜ். 10 தடவைல 3 ஹிட் அடிச்சா 0.300. அவன் நட்சத்திரம். அதாவது 10-க்கு 7 தடவை தோத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வர்றவன்தான் இங்க பெரிய ஆட்டக்காரன். இது புரிஞ்ச அன்னிக்கே இந்த ஆட்டம் எனக்குப் பிடிச்சுப்போச்சு. என் பரீட்சை மார்க்கும் ஏறக்குறைய அந்த ரேஞ்சுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் கண்ணாடிப் பலகை இருக்கிற மைதானத்துலதான் 1935 மே 25 அன்னிக்கு பேப் ரூத் தன்னோட கடைசி 3 ஹோம் ரன்னையும் அடிச்சார், ஒரே ஆட்டத்துல. வயசு 40, தொப்பை, முழங்கால் போச்சு, நியூயார்க் யாங்கீஸ் அனுப்பிவிட்ட பிறகு பாஸ்டன் பிரேவ்ஸ்ங்கிற ஒரு சோப்ளாங்கி டீம்ல ஆடிக்கிட்டு இருந்தார். மூணாவது பந்து வலதுபக்க ஸ்டாண்டோட கூரையையே தாண்டிப் போச்சு. அதுக்கு முன்னாடி யாரும் அப்படி அடிச்சதில்லை. கணக்கு 714. அவ்வளவு அடிச்சும் அவர் டீம் அன்னிக்குத் தோத்துச்சுங்கறது தனிக் கதை. ஒரு வாரத்துக்கெல்லாம் ரிட்டையர் ஆயிட்டார்.

ரூத் என்ன பண்ணினார்னு புரிய ஒரே ஒரு எண் போதும். 1920-ல அவர் ஒருத்தர் அடிச்ச ஹோம் ரன் 54. அந்த வருஷம் அமெரிக்கன் லீக்ல வேற எந்த டீமும், முழு டீமும் சேர்ந்து, அத்தனை அடிக்கல. 1927-ல 60 அடிச்சார். அது 34 வருஷம் நின்னுச்சு. 1961-ல ரோஜர் மேரிஸ் 61 அடிச்சப்போ பாராட்டறதுக்குப் பதிலா, "ரூத் காலத்துல சீசனுக்கு 154 ஆட்டம், இப்ப 162, அதனால தனியா எழுதணும்"னு ஆரம்பிச்சாங்க. சொன்ன கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக் ஒரு காலத்துல ரூத்துக்குப் பதிலா கட்டுரை எழுதிக் கொடுத்த பத்திரிகைக்காரர்! புத்தகத்துல நட்சத்திரக் குறி எதுவும் போடலைன்னாலும், இல்லாத அந்த நட்சத்திரக் குறி மேரிஸை சாகற வரைக்கும் விடலை. இந்த நட்சத்திரக் குறியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

(அப்புறம் 1998-ல மெக்வயர் 70, 2001-ல பேரி பாண்ட்ஸ் 73. ஊக்கமருந்துக் காலம். அதைப் பத்தி எழுதினா பதிவு ராமாயணம் ஆயிடும், இன்னொரு நாள் பார்க்கலாம்.)

ஹோம் ரன்னை விட ஆவரேஜ் சமாசாரம்தான் எனக்குப் பிடிச்சது. அதுல ரெண்டு பேர் கதையைச் சொல்லியே ஆகணும்.

முதல் ஆள் டை காப். நூறு வருஷத்துக்குப் பக்கமா வாழ்நாள் ஆவரேஜ்ல இவர்தான் முதல் இடம், 0.367. 1910-ல இவருக்கும் நாப் லஜோய்னு இன்னொருத்தருக்கும் யார் முதலிடம்னு போட்டி. ஜெயிச்சவருக்கு சால்மர்ஸ் கம்பெனி கார் பரிசு. காப் தான் முன்னாடி இருக்கோம்னு கணக்குப் போட்டுக்கிட்டு கடைசி 2 ஆட்டம் ஆடவே இல்லை. காப்பைக் கண்டாலே ஆகாத எதிரணி மேனேஜர் ஒருத்தர், கடைசி நாள்ல லஜோய்க்கு ஈஸியா ஹிட் கிடைக்கட்டும்னு மூணாவது பேஸ் ஆளை ரொம்பப் பின்னாடி தள்ளி நிறுத்திட்டார். லஜோய் பந்தை மெதுவாத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டே ஓடினார், அன்னிக்கு 8 ஹிட். ஊரே சிரிச்சுது, மேனேஜர் வேலை போச்சு. கடைசில காப்தான் முதல்னு லீக் சொல்ல, கார் கம்பெனி ரெண்டு பேருக்குமே ஆளுக்கொரு கார் கொடுத்து ஒதுங்கிக்கிச்சு.

இதுல இன்னொரு கூத்து பல வருஷம் கழிச்சு வெளிய வந்துது. அந்த 1910 கணக்குல காப் ஆடின ஒரு ஆட்டத்தை ரெண்டு தடவை எழுதியிருக்காங்க! 2 ஹிட் உபரி. ஆராய்ச்சி பண்றவங்க 1981-ல ஆதாரத்தோட நிரூபிச்சாங்க. "பழசைக் கிளற வேண்டாம்"ங்கற தோரணையில அப்போதைய கமிஷனர் திருத்த மறுத்துட்டார். அதனால இன்னிக்கும் சில புத்தகத்துல காப் 4191 ஹிட், சிலதுல 4189. சிலதுல 0.367, சிலதுல 0.366. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டாவது ஆள் டெட் வில்லியம்ஸ். 1941. அதே வருஷம்தான் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டத்துல ஹிட் அடிச்சார், இன்னிவரைக்கும் அதுக்குக் கிட்டக்கூட யாரும் வரல, பீட் ரோஸ் 1978-ல 44 வரைக்கும் வந்து நின்னுட்டார். ஆனா அந்த வருஷத்தோட கடைசி நாள் வில்லியம்ஸுக்குச் சொந்தம். வயசு 23. கடைசி நாள் காலையில அவர் ஆவரேஜ் 0.39955. அதாவது 448-க்கு 179. முழுமையாக்கினா 0.400. மேனேஜர் "உக்காந்துக்கறியா?"ன்னு கேட்டார். உக்காந்தா சாதனை கையில. காப் 1910-ல பண்ணினது அதானே?

வில்லியம்ஸ் முந்தின ராத்திரி வெகுநேரம் பிலடெல்பியா தெருவுல நடந்தாராம். மறுநாள் ஒரே நாள்ல 2 ஆட்டம். ரெண்டுலயும் இறங்கினார். 8-க்கு 6. முடிவுல 0.406. இத்தனைக்கும் இன்னிய ஸாக்ரிஃபைஸ் ஃபிளை விதி அன்னிக்கு இல்லை, இருந்திருந்தா இன்னும் ஏறியிருக்கும். அமெரிக்கன், நேஷனல் ரெண்டு லீக்லயும் அதுக்கப்புறம் ஒருத்தரும் 0.400-ஐத் தொடலை. 1994-ல டோனி க்வின் 0.394-ல இருந்தப்போ ஆட்டக்காரங்க ஸ்டிரைக், சீசனே ஆகஸ்ட்டோட நின்னுபோச்சு.

இந்தக் கதையை லேப்ல சொல்லிப் பரவசப்பட்டுக்கிட்டு இருந்தப்போதான், கூடப் படிக்கிற உள்ளூர்ப் பையன் ஒருத்தன் காபியை உறிஞ்சிக்கிட்டே கேட்டான். "எல்லாம் சரி, உன் கண்ணாடிப் பலகைல ரூத் அடிச்சதைச் சொன்னே. ஜாஷ் கிப்ஸன் அடிச்சதை ஏன் சொல்லல?"

பேர் கேள்விப்பட்டிருந்தேன். 2024 மே மாசம் செய்தில வந்துச்சே. மேஜர் லீக் தன்னோட கணக்குப் புத்தகத்துல, 1920-லேர்ந்து 1948 வரைக்குமான நீக்ரோ லீக் ஆட்டங்களையும் சேர்த்துக்கிச்சு. (பேர் அந்தக் காலத்துப் பேர், வரலாற்றுல அப்படியே நின்னுபோச்சு.) 7 லீக், 2300-க்கும் மேல ஆட்டக்காரங்க. ஒரே நாள்ல டை காப் ரெண்டாவது இடத்துக்கு இறங்கினார். முதல் இடம் ஜாஷ் கிப்ஸன், 0.372. ஒரு சீசன்ல அதிகபட்ச ஆவரேஜும் அவர்தான், 1943-ல 0.466. எத்தனை பேஸ் தூரத்துக்கு அடிக்கிறார்னு பார்க்கிற ஸ்லக்கிங் கணக்குலயும் ரூத்தோட 0.690-ஐத் தாண்டி 0.718.

நான் புள்ளியியல் படிக்கிற திமிர்ல உடனே சொன்னேன். "சாம்பிள் சின்னதுப்பா. அவங்க சீசன்ல லீக் ஆட்டம் 60, 70, 80-தான். குறைச்சல் ஆட்டத்துல ஆவரேஜ் எகிறும், அது கணக்கு. ஒரு நட்சத்திரக் குறியாவது போட்டிருக்கணும்."

அவன் சண்டைக்கெல்லாம் வரல. "போய் அவங்க ஏன் அத்தனை கம்மியா ஆடினாங்கன்னு படிச்சுட்டு வா"ன்னான்.

படிச்சேன்.

கிப்ஸன் 1911-ல ஜார்ஜியால பிறந்தவர். அப்பா இரும்பாலை வேலைக்கு வர, குடும்பம் பிட்ஸ்பர்க் வந்துச்சு. கேட்ச்சர், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி குத்தவெச்சு உட்கார்ற வேலை, ஆட்டத்துலயே உடம்பை உடைக்கிற வேலை அதான். 18 வயசுல ஹோம்ஸ்டெட் கிரேஸ் டீமுக்கு ஆட வந்தார். அதே 1930-ல அவர் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெத்துட்டு இறந்துட்டாங்க.

மேஜர் லீக்ல கறுப்பின ஆட்டக்காரங்களைச் சேர்க்கக்கூடாதுன்னு எங்கயும் சட்டம் எழுதல. எழுதாமலே நடந்துச்சு, அவ்வளவுதான். உள்ளூர் பைரேட்ஸ் டீம் வெளியூர் போற நாள்ல அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டை கறுப்பின டீம்களுக்கு வாடகைக்கு விடுவாங்க. மைதானம் வாடகைக்கு உண்டு, உடை மாத்துற அறை கிடையாது! இந்த அவமானத்துக்காகவே கஸ் கிரீன்லீன்னு ஒருத்தர் 1932-ல தன் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் டீமுக்குச் சொந்தமா மைதானம் கட்டினார். கிப்ஸன் அங்கயும் சில வருஷம் ஆடினார்.

லீக் ஆட்டம் கம்மியா இருந்ததுக்குக் காரணமும் இதான். லீக்ல மட்டும் ஆடினா சம்பளம் கட்டுபடியாகாது. அதனால பஸ்ல ஊர் ஊராப் போய் உள்ளூர் டீம், ஆலை டீம்னு கிடைச்சவங்களோட எல்லாம் ஆடுவாங்க, நம்ம ஊரு நாடகக் கம்பெனி மாதிரி. அந்த ஆட்டத்துல எல்லாம் அடிச்ச ஹோம் ரன் எதுவும் இந்த அதிகாரபூர்வக் கணக்குல வராது. கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கிற அவர் பட்டயத்துல லீக், வெளி ஆட்டம் எல்லாம் சேர்த்து 800-க்குக் கிட்ட ஹோம் ரன்னுன்னு இருக்கு. அதிகாரபூர்வக் கணக்குல 200 கூட இல்லை. ஆக, என்னோட சின்ன சாம்பிள் எப்படி வந்துச்சு? பெரிய லீக்ல ஆட விடாததால வந்துச்சு. அடைச்சு வெச்சவனே வந்து "ஆட்டம் பத்தலையே"ன்னு கேக்கிற கதை. அந்தக் கேள்வியைக் கேட்டவன் நானேதான்.

இப்ப கிரிக்கெட்காரங்க வாங்க. பிராட்மேன் ஆடின டெஸ்ட் எத்தனை? 52. இன்னிங்ஸ் 80. சச்சின் ஆடினது 200 டெஸ்ட். 99.94-க்குப் பக்கத்துல யாராச்சும் நட்சத்திரக் குறி போடறோமா? அந்தக் காலத்துல டெஸ்ட் மேட்சே அவ்வளவுதான் நடந்துச்சு, நடந்ததுல அவர் என்ன பண்ணினார்னுதானே பார்க்கிறோம். எங்கப்பா பிராட்மேன் பேரைச் சொல்றப்போ குரலே மாறும். ஒருதடவை கூட "52 தானேப்பா"ன்னு எனக்குக் கேக்கத் தோணினதில்லை. மேஜர் லீக்கே 2020 கொரோனா வருஷத்துல 60 ஆட்டம்தான் ஆடிச்சு. அந்த சீசன் சாதனை எல்லாம் புத்தகத்துல ஜம்முனு உக்காந்திருக்கு.

லேப் வாக்குவாதத்துல இன்னொரு பையன் கேட்டது, "எதிர்ல ஆடினவங்க தரம் என்னன்னு யாருக்குத் தெரியும்?". நல்ல கேள்விதான். அதே கேள்வியைத் திருப்பிப் போட்டா? ரூத் லீக்ல அடிச்ச 714-ல ஒண்ணுகூட சேச்சல் பெய்ஜ் மாதிரி ஒரு கறுப்பினப் பிட்ச்சரை எதிர்த்து அடிச்சது இல்லை. காப் அடிச்ச 4191-லயும் (சரி, சரி, 4189) இல்லை. குறி போடறதுன்னா ரெண்டு பக்கமும்தான் போடணும்.

"பேப்பர் கணக்கை எப்படி நம்பறது"ன்னும் கேட்டாங்க. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் மாதிரி கறுப்பினப் பத்திரிகைகளோட பழைய இதழ்களை வருஷக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு ஸ்கோர் கட்டமாப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த கணக்கு இது. கிடைக்காத ஆட்டம் இன்னும் நிறைய. ஆதாரம் இல்லாத ஆட்டத்தைச் சேர்க்கல. அந்தப் பக்கம், ஒரே ஆட்டத்தை ரெண்டு தடவை எழுதிட்டு, தப்புன்னு தெரிஞ்ச பிறகும் திருத்த மாட்டேன்னது யாருன்னு மேல எழுதியிருக்கேன்.

என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணினது 0.466-தான். அந்த 1943-ஓட ஆரம்பத்துலதான் கிப்ஸன் நினைவு தப்பி ஆஸ்பத்திரில கிடந்தார். மூளையில கட்டின்னாங்க. ஆபரேஷன் வேண்டாம்னு எழுந்து வந்துட்டார். கடுமையான தலைவலியோட ஆடின சீசன் அது. 1947 ஜனவரி 20 அன்னிக்கு இறந்தார், வயசு 35. அடுத்த மூணே மாசத்துல, ஏப்ரல் 15 அன்னிக்கு, ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு இறங்கி அந்த எழுதாத சட்டத்தை உடைச்சார். கிப்ஸனை இதே ஊர்ல அலிகெனி கல்லறைத் தோட்டத்துல புதைச்சாங்க. 1975 வரைக்கும் அங்க ஒரு பெயர்க்கல் கூட இல்லை.

கிப்ஸனுக்காக முதல்ல பெரிய மேடையில பேசினது யார் தெரியுமா? நம்ம டெட் வில்லியம்ஸ். 1966-ல அவரை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்த அன்னிக்கு, நன்றி சொல்ற உரையில, சேச்சல் பெய்ஜும் ஜாஷ் கிப்ஸனும் ஒருநாள் இங்க வரணும், வாய்ப்பு கொடுக்காததாலதான் அவங்க இங்க இல்லைன்னு சொல்லிட்டு இறங்கினார். யாரும் எதிர்பார்க்கல. 1971-ல பெய்ஜ், 1972-ல கிப்ஸன் உள்ள வந்தாங்க. வில்லியம்ஸோட அம்மா மெக்சிகோ வம்சாவளி, அதை அவர் ஆடின காலத்துல வெளிய அதிகம் பேசினதில்லைங்கறதையும் இங்க சொல்லிடறேன்.

ஹாங்க் ஆரன் கதையும் இதோட சேர்ந்ததுதான். அவர் தொழிலை ஆரம்பிச்சதே 1952-ல இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ்ங்கிற நீக்ரோ லீக் டீம்ல. 1974 ஏப்ரல் 8 அன்னிக்கு 715-ஆவது ஹோம் ரன் அடிச்சு ரூத்தைத் தாண்டினார். அதுக்கு முந்தி அவருக்கு வந்த கடிதங்கள்ல கொலை மிரட்டல் ஏராளம், ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டறதாங்கற வெறி. அந்தக் கடிதங்களை அவர் தூக்கிப் போடல, பத்திரமா வெச்சிருந்தார். மொத்தம் 755 ஹோம் ரன். அத்தனையையும் கழிச்சுட்டாலும் 3000 ஹிட்டுக்கு மேல மிச்சம் இருக்கும்!

2024-ல கணக்கு மாறினப்போ வில்லி மேஸுக்கு 1948-ல ஆடின 10 ஹிட் சேர்ந்து 3283 போய் 3293 ஆச்சு. 93 வயசுல அதைத் தெரிஞ்சுக்கிட்டார். மூணு வாரத்துல இறந்துட்டார். மத்த பலருக்கு அந்த மூணு வாரம் கூடக் கிடைக்கல.

லேப் பையன்கிட்ட போய் "நட்சத்திரக் குறியை வாபஸ் வாங்கிக்கறேன்"னு சொன்னேன். "வாரா வாரம் அரிசி பருப்பு வாங்க பஸ்ல ஆத்தைத் தாண்டிப் போறியே, அந்தப் பாலத்தோட பேர் என்ன?"ன்னு கேட்டான். பாலம்னு ஒண்ணு இருக்கு, பஸ் போகுது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை ஜன்னல் பக்கமா உக்காந்து பார்த்தேன். ஹோம்ஸ்டெட் கிரேஸ் பாலம். 2002-ல அந்தப் பேரை வெச்சிருக்காங்க. பாலம் இறங்கினா இப்ப சினிமா தியேட்டர், ஷாப்பிங் எல்லாம் இருக்கிற இடம் முந்தி இரும்பாலை, அங்க வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளிங்க சேர்ந்து ஆரம்பிச்ச டீம்தான் கிரேஸ். திரும்பி வர்றப்போ மடியில 20 பவுண்டு சோனா மசூரி, பஸ்ல செம கூட்டம், படம் எடுக்கக் கை வரல. அடுத்த வாரம் எடுத்துப் போடறேன்.

பி.கு.: பிட்ஸ்பர்க் பக்கம் வர்றவங்க சொல்லுங்க, போஸ்வர் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அக்டோபர் 13-ன்னா இன்னும் நல்லது. 1960 உலகத் தொடர்ல பில் மெஸரோஸ்கி அதே மைதானத்துல கடைசி பந்துல ஹோம் ரன் அடிச்சு ஜெயிச்ச நாள். வயசானவங்க மதில் பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து அந்தப் பழைய ரேடியோ வர்ணனையை முழுசா ஒலிக்கவிட்டுக் கேப்பாங்க. முடிவு தெரிஞ்சிருந்தும் கடைசில கை தட்டுவாங்க.